84 நாளும் ஒரு ரயில் பாஸும்

2021-இல் வந்த கொரோனா டெல்டா அலையைப் பற்றி யார் எழுதினாலும் ஆக்சிஜன், படுக்கை, மயானம் என்றுதான் எழுதுகிறார்கள். எழுதத்தான் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வருடம் சாவு எதுவும் விழவில்லை. அதனாலோ என்னவோ, என்னை இன்னமும் உறுத்திக்கொண்டிருப்பது ஒரு சில்லறை விஷயம்: தேதி. முதல் ஊசிக்கும் இரண்டாவது ஊசிக்கும் நடுவில் எத்தனை நாள் என்கிற கணக்கு. இரண்டு ஊசியும் போட்டவர்களை மட்டும் லோக்கல் ரயிலில் ஏற விட்டது சரியா என்று இதை வைத்து அலுவலகத்தில் ஒரு நண்பரோடு எனக்கு வருடக்கணக்கில் வாக்குவாதம் நடக்கிறது. அவர் விடுவதில்லை, நானும் விடுவதில்லை. எழுதிப் பார்த்தாலாவது தெளிகிறதா என்று பார்க்கிறேன்.

நான் மும்பைக்கு வெளியே டோம்பிவிலிவாசி. வேலை மும்பைக்குள் மஸ்ஜித் பந்தரில், துறைமுகச் சரக்கை விடுவித்துத் தருகிற ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் கணக்கு எழுதுவது. மும்பைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். லோக்கல் ரயில் இல்லையென்றால் இந்த வாழ்க்கையே இல்லை. 2021 ஏப்ரல் 14 இரவு 8 மணியிலிருந்து மாநிலத்தில் ஊரடங்கு மாதிரியான கட்டுப்பாடு வந்தது. ‘ஊரடங்கு’ என்ற பெயரை மட்டும் அரசாங்கம் சொல்லவில்லை. மளிகைக் கடை காலை 7 முதல் 11 வரை. வண்டிகளுக்குச் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஸ்டிக்கர். காதலியைப் பார்க்கப் போக எந்த நிறம் ஒட்ட வேண்டும் என்று ஒருவர் ட்விட்டரில் மும்பை போலீஸையே கேட்டு, அவர்களும் பொறுமையாகப் பதில் சொன்ன கூத்தெல்லாம் அப்போதுதான். ஏப்ரல் 22 முதல் லோக்கல் ரயிலில் அரசு ஊழியர்கள், மருத்துவத் துறையினர், சிகிச்சைக்குப் போகிறவர்கள் மட்டும். துறைமுக வேலை அத்தியாவசியப் பட்டியலில் இருந்ததால் எங்கள் ஆபீஸ் திறந்திருந்தது. கப்பல் வரலாம், பெட்டி இறங்கலாம். அதற்கு பில் போடுகிறவன் ரயிலேறுவது மட்டும் அத்தியாவசியம் இல்லை.

ஆகவே ஆறேழு பேர் சேர்ந்து ஒரு ஈக்கோ வண்டி பேசினோம். ஷீல் பாட்டா நெரிசலைத் தாண்டி, ஐரோலி வழியாகப் போய்ச் சேர ஒரு பக்கத்துக்கே இரண்டரை மணி நேரம். மழைக்காலத்தில் மூன்று. ஜன்னல் திறந்தால் சாரல், மூடினால் ஆறு பேர் மூச்சு. வைரஸுக்கு எது வசதி என்று நீங்களே சொல்லுங்கள்.

அம்மாவின் சீட்டு

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, வயதும் அறுபதைத் தாண்டிவிட்டது. மார்ச் 1-ஆம் தேதி அறுபது வயதுக்காரர்களுக்குத் தடுப்பூசி திறந்ததுமே அக்கா அவசரப்பட்டாள். அக்கா வீடு முலுண்டில். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மார்ச் 12 அன்று 250 ரூபாய் கட்டி அம்மாவுக்கு முதல் கோவிஷீல்டு போட்டாயிற்று. ஒரு சின்னச் சீட்டில் நர்ஸ் ‘9-4’ என்று எழுதிக் கொடுத்தார். 28 நாள் கணக்கு. அம்மா அதைப் பத்திரமாக மருந்து டப்பாவில் வைத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து, மார்ச் 22 அன்று, இடைவெளி ஆறு முதல் எட்டு வாரம் என்று மத்திய அரசு மாற்றியது. அக்கா போன் பண்ணி ஏப்ரல் 23 என்று சொன்னாள். அம்மா பழைய தேதியை அடித்துவிட்டுப் புதியதை எழுதினாள். ஏப்ரல் கடைசியில் கையிருப்பு இல்லை என்று சொல்லி ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பினார்கள். 30-ஆம் தேதியிலிருந்து மூன்று நாள் மும்பையின் மையங்கள் பெரும்பாலும் மூடியே கிடந்தன. மே 13 அன்று மறுபடியும் மாற்றம்: 12 முதல் 16 வாரம். கணக்குப் போட்டால் ஜூன் 4-க்கு முன்னால் பேச்சே இல்லை. “ஏல, இவனுவளுக்கே தெரியலையால எப்பப் போடணும்னு?” என்று அம்மா கேட்டாள். சீட்டில் எழுத இடமில்லாமல் பின்பக்கம் திருப்பி எழுதினாள். அறுபது வயதுக்கு மேல் ஒரு ஊசியோடு டெல்டாவின் உச்சத்தைக் கடந்தவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். அம்மா அவர்களில் ஒருத்தி. கடைசியில் ஜூன் நடுவில்தான் இரண்டாவது ஊசி விழுந்தது.

இந்த மாற்றங்களுக்கு அறிவியல் காரணம் இருந்தது. அதை மறைத்துவிட்டுப் புலம்புவதில் எனக்கு விருப்பமில்லை. கோவிஷீல்டை உருவாக்கிய ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்களின் சோதனையில், ஆறு வாரத்துக்குள் இரண்டாவது ஊசி போட்டவர்களுக்குப் பாதுகாப்பு 55 சதவீதம், 12 வாரமோ அதற்கு மேலோ காத்திருந்தவர்களுக்கு 81 சதவீதம். உடம்புக்கு நிதானமாகப் பாடம் படிக்க நேரம் கொடுத்தால் நன்றாகப் படிக்கிறது. கூடவே, இருக்கிற மருந்தை அதிகம் பேருக்கு ஒரு டோஸாவது போட்டுவிடலாம். மே மாதத்தில் மருந்துக்கு இருந்த பஞ்சத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டாவது காரணத்தின் எடை புரியும்.

ஆனால் அந்த 81 சதவீதம் பழைய வைரஸை வைத்துப் போட்ட கணக்கு. மார்ச் 24 அன்று ‘டபுள் மியூட்டன்ட்’ என்று சுகாதார அமைச்சகம் அறிவித்த வகையறா, மே 31 அன்று உலக சுகாதார நிறுவனம் ‘டெல்டா’ என்று பெயர் வைப்பதற்குள் நாட்டையே சுற்றி வந்துவிட்டது. டெல்டாவால் நோய் வராமல் தடுப்பதில் ஒரு டோஸ் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உதவுகிறது, இரண்டு டோஸ் போட்டால் 60 சதவீதம் வரை போகிறது என்று மே மாதமே இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறை சொன்னது. ஆஸ்பத்திரி வரை போகாமல் காப்பதில் ஒரு டோஸே கணிசமாக உதவியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாம் இடைவெளியை 12 வாரத்துக்கு மேல் நீட்டியது மே 13. நம் ஊரில் முதலில் கண்ட இதே வைரஸுக்குப் பயந்து, ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 12 வாரத்தை 8 வாரமாகக் குறைப்பதாகப் பிரிட்டன் அறிவித்தது மே 14. ஒரே மருந்து, ஒரே வைரஸ், ஒரு நாள் வித்தியாசம், எதிரெதிர்த் திசை. அவர்களிடம் மருந்து இருந்தது, நம்மிடம் இல்லை என்பதுதான் இதற்கு நான் கண்ட விளக்கம். அதை அப்படியே சொல்லியிருந்தால் அம்மாவுக்கும் புரிந்திருக்கும்.

ஒரு குடும்பம், மூன்று காலண்டர்

எனக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. அதாவது 18–44 கோஷ்டி. மே 1 அன்று எங்களுக்குத் திறந்தார்கள், பத்துப் பன்னிரண்டு நாளில் மருந்தில்லை என்று மாநில அரசு நிறுத்திவிட்டது. ஊசிக்கு முன்பதிவு செய்கிற கோவின் தளத்தில், இடம் காலி என்று காட்டும் பச்சைக் கட்டம் தெரிந்த மாத்திரத்தில் மறைந்துவிடும். விரல் வேகத்தில் என்னை ஜெயிக்க இந்த ஊரில் ஐ.டி.க்காரர்கள் ஏராளம். ஜூன் 22 அன்று பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இலவசம் என்று மாநிலத்தில் ஆரம்பித்தார்கள். அன்றே விடிகாலையில் மாநகராட்சிப் பள்ளிக்கூட வாசலில் டோக்கனுக்கு நின்று, ஒரு கோவிஷீல்டு போட்டுக்கொண்டேன். 84 நாள் கழித்து வரச் சொன்னார்கள். செப்டம்பர் 14.

அதே நாளில் என் நண்பர் கல்யாணில் வேறொரு மையத்துக்குப் போனார். அங்கே இன்னொரு தடுப்பூசியான கோவாக்சின். வரிசை சின்னதாக இருந்ததால் அங்கே நின்றார், வேறு ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. கோவாக்சினுக்கு இடைவெளி 28 நாள்தான். ஜூலை 20 அன்று அவருக்கு எல்லாம் முடிந்தது.

அக்கா மகன் பிரிட்டனில் மேற்படிப்புக்கு இடம் வாங்கியிருந்தான். வெளிநாடு போகும் மாணவர்களுக்கென்று ஜூன் தொடக்கத்தில் ராஜாவாடி ஆஸ்பத்திரியில் தனி வரிசை வைத்தார்கள். சேர்க்கைக் கடிதத்தைக் காட்டி முதல் கோவிஷீல்டு போட்டுக்கொண்டான். படிப்பு, வேலை, டோக்கியோ ஒலிம்பிக்ஸ் ஆகியவற்றுக்காகப் போகிறவர்கள் 28 நாளிலேயே இரண்டாவதைப் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய அரசு விலக்கும் கொடுத்தது. ஜூலை முதல் வாரத்தில் அவனும் முடித்துவிட்டான். லண்டன் விமானம் ஏறுகிறவனுக்கு 28 நாளில் ஒத்துக்கொள்கிற மருந்து, குர்லா வழியாக மஸ்ஜித் போகிறவனுக்கு 84 நாள் கேட்கிறது. இது அவன் தப்பில்லை, நன்றாக இருக்கட்டும். ஆனால் அப்படி ஓடிப் போட்டும் அங்கே இறங்கியதும் பத்து நாள் அறையில் அடைந்துதான் கிடந்தான். இந்தியாவில் போட்ட ஊசியைப் பிரிட்டன் அப்போது கணக்கில் எடுக்கவில்லை. அக்டோபரில், நம் அரசாங்கமும் பதிலுக்கு முறைத்த பிறகுதான் இறங்கிவந்தார்கள். கோவாக்சின் போட்ட என் நண்பருக்கோ உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் நவம்பர் 3 வரை வரவில்லை. அவர் அயல்நாடு எங்கும் போகிற ஆள் இல்லை, ஆகவே கவலைப்படவுமில்லை.

டோம்பிவிலி ஸ்டேஷன் மேசை

ஆகஸ்ட் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. இரண்டு டோஸும் போட்டு 14 நாள் ஆனவர்கள் ஆகஸ்ட் 15 முதல் லோக்கல் ரயிலில் போகலாம் என்று அப்போதைய முதலமைச்சர் உத்தவ் தாக்கரே அறிவித்தார். நான் பேப்பர் எடுத்து ஒரு கணக்குப் போட்டேன். 18–44 வயதில், திறந்த முதல் நாளான மே 1 அன்றே கோவிஷீல்டு கிடைத்த அதிர்ஷ்டசாலிக்கு 84 நாள் முடிவது ஜூலை 24, அதோடு 14 சேர்த்தால் ஆகஸ்ட் 7. அவன் மட்டும் தப்பித்தான். ஜூனில் இலவச வரிசையில் நின்ற என்னைப் போன்றவனுக்கு செப்டம்பர் 28. வேலைக்குப் போகிற வயதில் இருப்பவர்களில் பெரும்பகுதி வெளியே. ஓய்வு பெற்றவர்கள் உள்ளே.

எங்கள் வீட்டில் ரயிலேறத் தகுதி பெற்ற ஒரே ஆள் அம்மா. “எனக்கு எதுக்குல பாஸு? மாட்டுங்கா போயி வாழக்கா வாங்கவா?” என்று முதலில் சிரித்தாள். அப்புறம் யோசித்துவிட்டு, “வாங்கலாம்தான்” என்றாள். அக்கா வீட்டுக்கும் போய் மாதக்கணக்கில் ஆகியிருந்தது. ஒருநாள் டிக்கெட் கிடையாது, மாதப் பாஸ் மட்டும்தான் என்றார்கள். சரி, எடுத்துவிடலாம் என்று கிளம்பினோம்.

மும்பை மாநகராட்சி தன் எல்லைக்குள் 53 ஸ்டேஷன்களில் சரிபார்ப்பு மேசை போட்டது. டோம்பிவிலியிலும் எங்கள் மாநகராட்சி போட்டிருந்தது. நல்ல மழை. தார்ப்பாய்க்குக் கீழே ஒரு மேசை, ஸ்டாம்ப் பேட், மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை ஒருவர். சான்றிதழையும் ஆதாரையும் பார்த்து, மொபைலில் எண்ணைத் தட்டிச் சரிபார்த்து, நகலில் முத்திரை குத்தித் தர வேண்டும். அதைக் கவுன்டரில் காட்டினால் பாஸ். அம்மாவின் சான்றிதழை அக்கா லேமினேட் பண்ணிக் கொடுத்திருந்தாள். அம்மாவுடையது மட்டுமில்லை, வரிசையில் பாதிப் பேருடையது பளபளவென்று லேமினேஷனில் இருந்தது. ஆசிரியை முத்திரையைக் குத்துகிறார், மை ஒட்டாமல் வழுக்கி ஓடுகிறது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடி குத்துகிறார். சான்றிதழில் அச்சிட்ட பிரதமர் முகத்தில் நீலமாக ஒரு தீற்றல் விழுந்ததுதான் மிச்சம். “ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க” என்று எல்லோரையும் அனுப்பினார். எதிரில் ஜெராக்ஸ் கடையில் அன்று ஒரு பக்கம் ஐந்து ரூபாய். நல்ல நாளில் இரண்டு.

நகலோடு வந்ததும் குத்தித் தந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, “உங்களோடது?” என்று மராத்தியில் கேட்டார். ஒரு டோஸ் என்றேன். தேதி கேட்டார், விரல் விட்டு எண்ணினார், “செப்டம்பர் கடைசி” என்றார். பிறகு அவராகவே, “எங்க வீட்டுக்காரரும் உங்களை மாதிரிதான். மழையில தினமும் பைக்கில விக்ரோலி போறார். நான் இங்க உட்கார்ந்து ஊருக்கெல்லாம் முத்திரை குத்துறேன்” என்றார். பின்னால் நின்ற ஒரு பெரியவர், எழுபது இருக்கும், சலித்துக்கொண்டார். சீக்கிரம் விடுங்கள், எனக்கு எங்கும் அவசரமாகப் போக வேண்டியதில்லை, ஆனாலும் நின்றால் கால் வலிக்கிறது என்று. அந்த வரிசையை நான் அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். தலைகள் பெரும்பாலும் நரைத்திருந்தன. நோய் வந்தால் அதிகம் சாகக்கூடிய வயதுக்காரர்களை, உலகத்திலேயே நெரிசலான ரயில்களில் ஒன்றில் முதல் ஆளாக ஏற்றிவிடுகிற விதி இது. அவர்களுக்கு ஊசி இரண்டு ஆயிற்று, வாஸ்தவம். ஆனால் ஊசி போட்டவருக்கும் டெல்டா தொற்றும், அவரிடமிருந்து பரவவும் செய்யும் என்பது அந்த மாதத்தில் ரகசியமாக இருக்கவில்லை.

வெளியே வரும்போது அம்மா, “நீ வேணா என் பாஸ எடுத்துட்டுப் போல” என்றாள். அடையாள அட்டையோடு காட்ட வேண்டும் என்று சொன்னேன். “முக்காடு போட்டுக்க” என்றாள்.

விதி யாரைப் பிடித்தது

கோவில் பக்கத்தில் பூக்கட்டி விற்கிற அக்கா ஒருவர் உண்டு, விழுப்புரம் பக்கம். தினமும் விடிவதற்கு முன் முதல் வண்டியில் தாதர் பூ மார்க்கெட்டுக்குப் போய்வருகிறவர். அந்த வருடம் கோவில்களே அக்டோபர் 7 வரை திறக்கவில்லை. ஆனால் வீட்டுச் சாமிக்குப் பூ வேண்டுமே, வியாபாரம் நடந்தது. ஊசி போட்டீர்களா என்று கேட்டேன். “ரெண்டு நாளு காய்ச்சல் வருமாமே தம்பி. ரெண்டு நாளு யாரு பூ கட்றது?” என்றார். அப்படியானால் ரயிலில்? “எப்பவும் போறாப்லதான். நாலு மணிக்கு எந்த டிசி எழுந்து வர்றான்?” டிக்கெட் பரிசோதகரைச் சொல்கிறார். டிக்கெட் கவுன்டரில் கொடுக்க மாட்டேன் என்றதால் டிக்கெட்டும் இல்லை. ரயில்வேக்கு வர வேண்டிய காசையும் இந்த விதியே மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

இன்னொரு பக்கம் காந்திவலி. மே 30 அன்று அங்கே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் 390 பேருக்கு மேல் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டது போலி முகாமின் ஊசி. சான்றிதழ் மட்டும் வெவ்வேறு ஆஸ்பத்திரிகளின் பெயரில் வந்து சேர்ந்தது. அந்தக் குட்டு உடையாமல் இருந்திருந்தால் அவர்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு மேசையில் முத்திரை வாங்கி ரயிலேறியிருப்பார்கள். ஊசியே போடாத பூக்கார அக்கா ரயிலில், காகிதம் மட்டும் வைத்திருப்பவர் ரயிலில். அரசாங்கம் சொன்ன தேதிக்காக ஒழுங்காகக் காத்திருப்பவன் ஈக்கோ வண்டியில்.

நண்பர் இதையெல்லாம் கேட்டுவிட்டு எப்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். “சரி, வேற எப்படித் திறந்திருக்கணும்? நாளுக்கு முக்கால் கோடி பேர் ஏறுகிற வண்டி. எல்லாரையும் விட்டா மறுபடி ஏப்ரல். எதையாவது வெச்சு வடிகட்டித்தானே ஆகணும்?” அவர் சொல்வதைச் சும்மா தள்ள முடியாது. ஜூன் மாதம் மும்பையில் பாசிட்டிவ் விகிதம் 5 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகும் டெல்டாவின் உருமாற்றமான டெல்டா பிளஸ் பயத்தில் மாநிலம் முழுவதையும் கட்டுப்பாடுகளின் மூன்றாம் படியிலேயே நிறுத்திவைத்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் எவ்வளவோ தயங்கித்தான் இந்தக் கதவைத் திறந்திருப்பார்கள்.

என் பதில் இது. வடிகட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என்னால் மாற்ற முடியாத ஒன்றை வைத்து வடிகட்டாதீர்கள். எனக்கு ஊசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 84 நாளுக்கு முன்னால் கொடுக்க மாட்டேன் என்று ஒரு அரசாங்கம் சொல்கிறது, 84 நாள் ஆகாதவன் ஏறக்கூடாது என்று இன்னொரு அரசாங்கம் சொல்கிறது. டெல்லி மருந்தை எண்ணிப் பார்த்து ஒரு தேதி போட்டது, மும்பை கூட்டத்தை எண்ணிப் பார்த்து ஒரு தேதி போட்டது. இரண்டும் ஒரே ஆளின் தலையில்தான் விழும் என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு டோஸ் போட்டு அடுத்ததுக்குத் தவணை நாள் வராதவர்களை, நெரிசல் நேரம் தவிர்த்தாவது, விட்டிருக்கலாம். 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி நேரம் பிரித்து எல்லோரையும் விட்ட அனுபவம் அவர்களுக்கே இருந்தது.

“அந்த பிப்ரவரிக்கு அப்புறம்தானே ஏப்ரல் வந்தது” என்பார் நண்பர். அங்கே நான் கொஞ்சம் மாட்டிக்கொள்வது உண்மை. அலை வந்தது உருமாறிய வைரஸாலா, ரயிலாலா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் ஆதாரமில்லை, அவரிடமும் இல்லை.

ஆனால் அதற்கடுத்து வந்த ஜனவரியை நான் அவர் முன்னால் வைப்பேன். ஒமிக்ரான். 2022 ஜனவரி 7 அன்று மும்பையில் ஒரே நாளில் 20,971 பேருக்குத் தொற்று. டெல்டா உச்சத்தில் இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த ரயில்களில் விதிப்படி ஏறியவர்கள் அத்தனை பேரும் இரண்டு டோஸ்காரர்கள். எங்கள் பெட்டியில் சீட்டாடுகிற கூட்டம் மொத்தமும் ஒரே வாரத்தில் படுத்து எழுந்தது, நண்பரும் நானும் உட்பட. பெரிதாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது ஊசியின் புண்ணியம் என்றே நம்புகிறேன். பரவலைத் தடுக்கத்தான் இந்த விதி என்ற வாதம் மட்டும் அந்த வாரத்தோடு படுத்துவிட்டது. விதியோ எழுந்து நடமாடிக்கொண்டிருந்தது. பிப்ரவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுகள் முறைப்படி போடப்படவில்லை என்று கேள்வி கேட்டது. மாநிலத்தில் கட்டுப்பாடுகள் முழுதாக விலகியது ஏப்ரல் 1 அன்று. ஊசி போடாதவர்கள் மூலம் அதிகம் பரவுகிறது என்பதற்கு அரசுகள் தரவு எதுவும் காட்டவில்லை, ஆகவே அவர்கள்மேல் போட்ட தடைகள் அளவுக்கு மீறியவை என்று உச்ச நீதிமன்றம் மே 2 அன்று சொன்னது. தடுப்பூசித் திட்டத்தை அதே தீர்ப்பு குறை சொல்லவில்லை.

தீர்ப்பு வந்த அன்று அந்தப் பகுதியை நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “ஒமிக்ரானைப் பார்த்துட்டுத் தீர்ப்பு சொல்றது சுலபம், ஆகஸ்ட்ல டெல்டாவை வெச்சுக்கிட்டு முடிவெடுத்தவனைக் கேளு” என்று பதில் வந்தது. நான் மே 14, பிரிட்டன் என்று ஆரம்பித்தேன். அவர் பிரிட்டனில் எத்தனை பேர் ஃபுட்போர்டில் தொங்குகிறார்கள் என்று கேட்டார்.